பட்டமும் பணியும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு வகுத்தளிக்கப்பட்ட பொருள் 'தகுதி கண்டு அளிக்கும் பட்டங்கள்' என்பது. இப்பொருளைச் செயற்குழுவார் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கத்துக்குப் பெரும்பொருள் உதவியோர்க்கு இவ்வாண்டு முதற்கொண்டு சிறப்புப் பட்டம் வழங்குவதென்னும் தீர்மானம் ஒன்று இன்று பிற்பகல் உங்கள் முன் வரவிருக்கின்றது. அதற்குத் தக்கவாறு அவையை ஆயத்தம் செய்தல் வேண்டுமென்பதே எம்மை அழைத்தோர் கருத்து. ஆயத்தம் செய்வோம், ஆனால் அவர்கள் எண்ணிய வழியில் அன்று என்பதை முன்னரே சொல்லி விடுகின்றோம்.

பட்டம் என்னுஞ் சொல் முதற்கண் நெற்றியிற் கட்டும் பொற்றகட்டைக் குறித்தது. பட்டங்கட்டுதல் என்னும் வழக்கு இதனின்றும் பிறந்தது. பண்டைத் தமிழ்வேந்தர் படைத்தலைவனுக்கு ஏனாதி என்றும், அமைச்சரிற் சிறந்தார்க்குக் காவிதி என்றும், வணிகரிற் சிறந்தார்க்கு எட்டி என்றும் பெயர் தந்து, ஏனாதி மோதிரமும் காவிதிப் பூவும் எட்டிப் பூவும் அணிவித்தனர் என்று உரையாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஈண்டு ஒன்று காண்க. அப்பெயர்களுள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலைத் தாங்கி நின்றது. ஏனாதி போர்க்களத்திற் புறங்கொடாதிருத்தல் வேண்டும். காவிதி அரசன் தவறு செய்யுமிடத்துத் தடுத்தல் வேண்டும். மோதிரம் விரலிலே இருக்கும்; பாரம் தோளிலே இருக்கும். இச்சொல்லுக்கே வேறு பொருள்களும் உள. விதைக்கும் பருவத்தை உழவர் பட்டம் என்பர். காற்றிலே சிறுவர் பறக்கவிடுவதும் பட்டமே. இவற்றுள் எப்பொருளிலே நம் சங்கம் பட்டம் வழங்கப் போகின்றது என்பதே எம் கேள்வி. (அவையிற் சிலர் நகைக்கின்றீர்கள், மூன்றாவது பொருளை எண்ணியே நகைக்கின்றீர்கள் என்று நினைக்கின்றோம்.)

வேற்றூர்ச் செய்திகளைத் தேடி யாம் போகவேண்டிய தேவையில்லை. பட்டம் என்பது எவ்வாறு பிறந்து எவ்வாறு நிலைக்கின்றது என்பதனைக் கடலூரும் சிதம்பரமும் இவற்றிடையே உள்ள சிற்றூர்களும் அறிந்த அளவு பிறவூர்கள் அறிந்திருக்குமா என்பது ஐயமே.

திருவாமூரிலே மருள்நீக்கியார் என்னும் பிள்ளை பிறந்தார். இளமையிற் சமணஞ் சார்ந்து, பாடலிபுத்திரம் என்னும் பள்ளியிற் கலைகள் பல கற்று, அச்சமயத்தாரால் தருமசேனர் என்னும் பெயருந் தலைமையும் பெற்றார். அப்பாடலிபுத்திரம் இக்கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரே என்று அறிஞர் பலர் கொள்வர். இஃது அவர் பெற்ற முதற்பட்டம். கல்விக்காக, கற்றோர் கூடி, முறைப்படி அளித்தது. பின்னர்ச் சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகை வீரட்டானத்திற் பதிகம் பாடி நோய் நீங்கியபோது, நாவுக்கரசு என்னும் பெயர் இறைவன் வாக்கால் எழுந்தது என்று பெரியபுராணம் கூறும். மூன்றாவது பெயர் சீகாழியிற் கிடைத்தது. முதியவராகிய அவர் தம்மை வணங்க, சிறுவராகிய ஞானசம்பந்தர் கையைப் பற்றி அப்பரே என்று அழைத்தார். கற்றோர் அவையளித்த தருமசேனர் என்னும் பெயரை இன்று புராணம் படித்தாரன்றிப் பிறர் அறியார். நாவுக்கரசு என்பது ஏட்டிலும் கோயிலிலும் நிற்கின்றது. சந்தைக்குப் போகும் கிழவியும் சொல்வது அப்பர் என்பதே. ஒரு குழந்தை அன்பினால் வாய்தவறாமற் சொன்ன ஒரு சொல், பெருஞ்சங்கம் கூடிச் சூட்டிய பெயரை வென்றுவிட்டது. கல்லையே தெப்பமாகக் கொண்டு அவர் கரையேறிய இடம் நம் திருப்பாதிரிப்புலியூர் என்பதனை இங்குள்ளார்க்கு யாம் எடுத்துரைத்தல் மிகை.

சிதம்பரத்திலே மற்றொன்று. அருண்மொழித்தேவர் சோழனுக்கு அமைச்சராய் இருந்து உத்தமசோழப் பல்லவர் என்னும் அரசாங்கப் பட்டம் பெற்றவர். அடியார் வரலாற்றைப் பாடி அதனைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்திலே ஒரு சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரையில் விரித்துரைத்தார். முடிவில் அரசன் நூலையும் நூலாசிரியரையும் யானைமீதேற்றித் தானும் உடனேறிக் கவரி வீசித் தில்லை வீதியில் வலம் வந்து, தொண்டர்சீர் பரவுவார் என்னும் பெயர் சூட்டினான். இவற்றை உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் சேக்கிழார் புராணம் உரைக்கின்றது. தொண்டர்சீர் பரவுவார்! எத்துணைப் பொருத்தமான பெயர்! அவர் செய்த செயலே அப்பெயர். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எனினும் உலகம் இன்று அவரை எப்பெயரால் அறிகின்றது? உத்தமசோழப் பல்லவர் என்றா? தொண்டர்சீர் பரவுவார் என்றா? சேக்கிழார் என்னும் குடிப்பெயராலன்றோ? அரசன் கவரி வீசியும் அவ்வளவே. ஆதலின் பொருத்தமான பெயராயினும் நிலைத்துவிடும் என்று எவரும் உறுதி கூறவியலாது. பெயரை நிலைக்கச் செய்வது கொடுப்போர் கையிலும் இல்லை, கொள்வோர் கையிலும் இல்லை.

இனி நம் காலத்துக்கு அணுக்கமான ஒரு வரலாற்றுக்கு வருகின்றோம். இதிலே சற்று நெடிது நிற்பதைப் பொறுத்தருள்க. ஏனெனில் இது நம் வீட்டு வரலாறு.

சிதம்பரத்துக்கு அணித்தாகிய மருதூரிலே, ஊர்க்கணக்கராகவும் பிள்ளைகட்கு எழுத்தறிவிப்பவராகவும் வாழ்ந்த இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையார்க்கும் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். கருணீகர் குடியிற் பிறந்தவர் என்று நாம் மேடைதோறும் சொல்லிக் கொள்கின்றோம். தந்தையாரை மழவிலேயே இழந்து சென்னையில் வளர்ந்தார். பின்னர்த் தென்றிசை திரும்பிக் கருங்குழியிலே வேங்கட ரெட்டியார் இல்லத்திற் பல்லாண்டு வதிந்தார். சொந்தமாக ஒரு வீடு இல்லை, வயல் இல்லை, வைப்பு இல்லை. கடிதங்களின் இறுதியில் அவர் இட்ட ஒப்பம் 'சிதம்பரம் இராமலிங்கம்' என்பதே. பிள்ளை என்னும் குடிப்பெயரையும் அவர் அதிற் சேர்த்தாரல்லர். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்து, இதனை உள்ளத்திற் கொள்ள வேண்டுகின்றோம்.

அவர் பாடல்களை அச்சேற்ற வேண்டுமென்று அன்பர்கள் பல்லாண்டு வருந்திக் கேட்டனர். இறுக்கம் இரத்தின முதலியார் என்பவர், பாடல்கள் கைக்கு வருமளவும் நாளும் ஒருவேளையே உண்பதென்று நோன்பு பூண்டார் என்பது வரலாறு. அடிகள் மனமிளகி இசைந்தார். இசைந்தபோதும் ஒன்றை மறுத்தார். தம் பெயரை இராமலிங்கசாமி என்று வழங்குவது தமக்கு உடன்பாடன்று. அஃது ஆரவாரத்துக்கு அடுத்ததாகத் தோன்றுகின்றது. இனி அவ்வாறு வழங்கலாகாது என்று அம்முதலியார்க்கே கடிதம் எழுதினார். 'சாமி' என்னும் இரண்டெழுத்தை அவரால் தாங்க இயலவில்லை! இற்றைநாளில் ஓர் அழைப்பிதழில் நம் பெயருக்கு முன்னே அடைமொழி இரண்டு குறைந்துபோயினவென்று அச்சகத்தாரோடு பூசலிடுவோரை யாம் கண்டிருக்கின்றோம்.

1867-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. பதிப்பித்தவர் மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார். சாமி என்பதை விலக்கிய ஆசிரியர்க்கு அவர் அதனினும் பெரியதொரு பெயரைச் சூட்டிவிட்டார்: திருவருட்பிரகாச வள்ளலார். ஆசிரியர் இதனைக் கண்டு, 'வள்ளல் ஆர்?' என்று சொல்லைப் பிரித்து வினாவாக்கிக் கொண்டார் என்று அன்பர்கள் வழிவழியாக உரைப்பர். உரைத்தாரோ இலரோ, அது அவர் இயல்புக்கு ஒத்ததே.

வள்ளல் என்னுஞ் சொல் தமிழிற் சிறியதன்று. முல்லைக்குத் தேரீந்த பாரி, மயிலுக்குப் போர்வையளித்த பேகன் முதலிய எழுவரையே கடையெழு வள்ளல்கள் என்று தமிழுலகம் எண்ணி வைத்தது. அவர்கள் அனைவரும் மலையும் நாடும் உடையவர்கள். அச்சொல்லைக் கருங்குழியில் ஒருவர் இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்த துறவிக்குச் சூட்டியது துணிவான செயலே. ஆனால் அதன்பின் நிகழ்ந்ததைப் பாருங்கள். நூல் வெளிவந்த அதே ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், வடலூரிலே சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வருவோர் எச்சாதி, எச்சமயம், எவ்வூர் என்று வினாவாது அன்றுதொட்டு இன்றுவரை சோறு படைக்கப்படுகின்றது. பெயர் பிப்ரவரியில் வந்தது. சோறு மே மாதத்தில் வந்தது. மாணாக்கர் பாடலுக்காகச் சூட்டிய பெயரை அடுப்பு மெய்யாக்கிற்று என்றே யாம் கருதுகின்றோம். பெயர் முந்தி வருவதும் ஒரோவழித் தீதன்று போலும்; ஆனால் அவ்வாறு வந்த பெயர் கடனாகவே வருகின்றது. மூன்று திங்களில் அக்கடனை அவர் தீர்க்கத் தொடங்கினார்.

அத்தருமச்சாலை நிற்கும் நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏறத்தாழ 80 காணி நிலத்தைப் பார்வதிபுரத்து மக்கள் ஈந்தனர். ஒருவர் அல்லர், ஊரார் பலர் கூடி எழுதித் தந்தனர். அவருள் எவர்க்கும் அருட்செல்வர் என்றோ கொடைச்செம்மல் என்றோ பட்டம் வழங்கப்பட்டதாக யாம் யாண்டும் படித்ததில்லை. கொடுத்தவரைக் குறிக்கும்போது இன்றும் பார்வதிபுரத்தார் என்றே சொல்கின்றோம். ஊர்ப்பெயரே அவர்கட்குப் பட்டமாயிற்று.

இந்தப் பெயர்களே பின்னர்ப் பெரும்பூசலுக்கு வித்தாயின. அதற்கு மறுதரப்பில் நின்றவரும் பட்டத்தாற் புகழ்பெற்றவரே. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இற் பிறந்த ஆறுமுகம், 1849-இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகம் வந்தபோது திருவாவடுதுறை ஆதீனத்திலே சொற்பொழிவாற்றி நாவலர் என்னும் பட்டம் பெற்றார். அப்பொழுது அவர்க்கு அகவை முப்பதும் நிரம்பவில்லை. ஆனால் அவர் ஆற்றிய பணியைக் காண்க: பிழையற்ற பதிப்புகள், பாலபாடங்கள், தெளிந்த உரைநடை, வண்ணார்பண்ணையிற் பள்ளி, 1864-இல் நம் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலை. இற்றைநாள் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும், யாம் உள்ளிட்டு, அவர் வகுத்த தடத்திலேதான் நடக்கின்றோம்.

நாவலர் கேட்ட கேள்வி எளியதன்று. தேவாரம் முதலாகப் பெரியபுராணம் ஈறாக உள்ள பன்னிரு தொகுதிகளே திருமுறை. அவையே அருளாற் பாடப்பட்டவை என்று சைவர் போற்றுவன. நம்மோடு வாழும் ஒருவர் பாடலுக்குத் திருமுறை என்றும் அருட்பா என்றும், அவர்க்குத் திருவருட்பிரகாச வள்ளலார் என்றும் பெயரிடுதல் தகுமோ என்பதே அது. போலியருட்பா மறுப்பு என்னும் கண்டனம் வெளிவந்தது. இருபாலும் துண்டறிக்கைகள் பறந்தன. 1869-இல் இவ்வழக்கு இதே மஞ்சக்குப்பத்து நீதிமன்றம் வரையிற் சென்றது. நாம் இன்று கூடியிருக்கும் இவ்விடத்துக்குக் கூப்பிடு தொலைவிலே, ஒரு துறவியும் ஒரு நைட்டிகப் பிரமசாரியும் வழக்காடிகளாயினர். வழக்கின் முடிவை இருதிறத்தாரும் தத்தமக்கு ஏற்பவே சொல்லி வருகின்றனர்; அதனுள் யாம் புகவில்லை. அடிகள் உள்ளே வந்தபோது நாவலரும் எழுந்து நின்றார் என்று வள்ளலார் அன்பர் கூறும் ஒரு கதை மட்டும் எமக்கு உவப்பானது. அது நிகழ்ந்ததெனில் இருவர்க்கும் பெருமை. கட்டியதெனில் கட்டியவர்க்குப் பெருமை.

தமிழாசிரியன் என்னும் முறையில் ஒன்று கூறுதல் எம் கடமை. ஒரு சொல்லுக்கு வரம்பு உண்டு, அதனை வேண்டியவாறு வாரி இறைத்தலாகாது என்று நாவலர் கொண்ட கொள்கை பிழையன்று. அவ்வரம்பை இன்று நாம் முற்றும் தொலைத்துவிட்டோம். திருமண மண்டபத்துச் சுவரொட்டியில் உள்ள அடைமொழிகளை எண்ணினால் கடையெழு வள்ளல்கள் எழுநூற்றுவர் ஆகியிருப்பது தெரியவரும். ஆயினும் அவர் தொடுத்த அவ்வொரு வழக்கிலே தீர்ப்பளித்தவர் நீதிபதி அல்லர், ஊரார். இன்று கடலூர் மாவட்டத்தில் வள்ளலார் என்றால் பாரியோ பேகனோ நினைவுக்கு வருவதில்லை. அவர் விலக்க முயன்ற பெயரே அவர் இயற்பெயரை மறைத்துவிட்டது. 2021-இல் தமிழக அரசு அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என அறிவித்தது. நாவலர் என்னும் பெயரும் அவ்வாறே நின்றது. அடைமொழியின்றி நாவலர் பதிப்பு என்றால் இன்றும் ஆறுமுக நாவலர் பதிப்பே. பின்னாளிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1933 முதல் 1938 வரை தமிழ்த்துறைத் தலைவராயிருந்த சோமசுந்தர பாரதியாரும் நாவலர் ஆனார். அங்கே பயின்று அமைச்சரான நெடுஞ்செழியனாரும் நாவலர் ஆனார். சிதம்பரம் மூன்று நாவலரைக் கண்டது. முதல்வர் பெயர் மங்கவில்லை.

அரசாங்கம் அளித்த பட்டங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லிச் செல்வோம். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என ஆங்கிலேயர் படி வைத்து அடுக்கித் தந்தனர். ஒருபடி ஏறியவர்க்கு அடுத்தபடியில் வேட்கை. மாவட்டக் கலெக்டரின் முகம் பார்த்தே ஆயுள் கழிந்தோரும் உளர். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919-இலே இரவீந்திரநாதர் தம் 'சர்' பட்டத்தைத் துறந்தார். துறந்தபின்னரே அப்பட்டம் அவர்க்கு இருந்ததென்று பலர் அறிந்தனர். உ. வே. சாமிநாதையர்க்கு 1906-இல் மகாமகோபாத்தியாயர் என்னும் பெரும்பட்டம் கிடைத்தது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டமும் அளித்தது. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க்கல்லூரியின் முதல்வராயிருந்தவர் அவர். எம் வகுப்புச் சிறுவரைக் கேட்டுப் பார்த்தோம். மகாமகோபாத்தியாயர் என்றால் விழிக்கின்றனர். தமிழ்த்தாத்தா என்றால் முகம் மலர்கின்றனர். திண்ணைப் பள்ளியிற் சில திங்களே பயின்று, பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய கதிரேசச் செட்டியாரும் மகாமகோபாத்தியாயரே; ஆயினும் பண்டிதமணி என்றே வாழ்கின்றார். அப்பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் 1923-இல் 'சர்' ஆனார். பல்கலைக்கழகம் தொடங்கிய 1929-இல் 'ராஜா' ஆனார். பட்டங்கள் தந்த ஆட்சி போயிற்று. அவர் கட்டிய வகுப்பறைகளில் இன்றும் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். சிதம்பரத்தை அடுத்து அண்ணாமலைநகர் என்னும் ஊர்ப்பெயர் அஞ்சல் முத்திரையில் நிற்கின்றது.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, படைத்துறையும் கல்வித்துறையும் சார்ந்த சிறப்புகளன்றி அரசு வேறு பட்டம் வழங்கலாகாதென்று 18-ஆம் உறுப்பில் விதித்துவிட்டது. 1954 முதல் வழங்கப்படும் பாரத ரத்தினம், பத்ம விருதுகள் முதலியன பட்டங்கள் அல்ல. அவற்றைப் பெற்றோர் பெயரின் முன்னும் பின்னும் சேர்த்து எழுதிக் கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தெளிவுறுத்தியது. இத்துணைப் பெரிய அரசே தனக்கு வேண்டாவென்று விலக்கிய ஒன்றை நம் சிறிய சங்கம் தலைமேற்கொள்ள விழைவது வியப்பே.

இனி நம் செய்தி. சென்ற திங்கள் செயற்குழுவார் எம்மிடம் ஒரு தாள் தந்து, அதிற் கண்ட பதினொருவர்க்கும் ஏற்ற பட்டங்களைச் செந்தமிழில் எழுதித் தருமாறு கேட்டனர். பெயர்களின் எதிரே அவரவர் செய்த பணி குறிக்கப்பட்டிருக்கும் என்றெண்ணி நோக்கினோம். ஆண்டுக் குறிப்பிருந்தது, தொகைக் குறிப்பிருந்தது, பணி என்னும் இடம் அத்தாளிலேயே இல்லை. ஆறு பெயர்க்கு எதிரே, 'வள்ளல் என்னுஞ் சொல் வருமாறு அமைக்க' என்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. வடலூர்க்குப் பேருந்திற் செல்லும் தொலைவிலிருந்துகொண்டு இவ்வாறு கேட்கின்றோம்!

பொருளுதவியோரை யாம் குறைத்துக் கூறவில்லை. அவர்கள் தந்த பொருள் கொண்டே இம்மண்டபத்துக்குக் கூரை வேய்ந்தோம். அவர்கட்கு நன்றி கூறுக, பற்றுச்சீட்டுத் தருக, ஆண்டறிக்கையிலே பெயரும் தொகையும் அச்சிடுக. யாம் தடுப்பது பட்டத்தை மட்டுமே. நம் முன்னோர் ஊர்க்கணக்கர். 1980 நவம்பரில் கர்ணம் பதவி ஒழிக்கப்படும் வரையிற் சிட்டாவும் அடங்கலும் நம் பாட்டன்மார் கையெழுத்திலேயே இருந்தன. அடங்கல் எழுதுவோன் வயலுக்குப் போய் நின்று, விளைந்த பயிரை விளைந்ததென்றும், சாவியானதைச் சாவியென்றும், தரிசைத் தரிசென்றும் எழுதுதல் வேண்டும். உடையவன் வேண்டியவன் என்பதற்காகத் தரிசிலே நெல் விளைந்ததாக எழுதிய கணக்கன் ஊரார் வாயில் என்ன பெயர் பெற்றான் என்பதும் நமக்குத் தெரியாததன்று. பணி குறிக்கப்படாத தாளிலே பட்டம் எழுதுவது எங்ஙனம்? இவ்வொரு தொழிலையேனும் நாம் மறந்திருக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு, சொல்லச் சிறிது தயக்கமே. வள்ளலாரை நம் குலவிளக்கு என்று கூறி, அவர் திருவுருவின் கீழிருந்தே நாம் பட்டம் வழங்கப் போகின்றோம். சாதியும் சமயமுமாகிய வேறுபாடுகளைப் பொய்யென்று கண்டு, தம் சாலையில் அவற்றை நுழையவொட்டாது நிறுத்தியவர் அவர். அவரை நம்மவர் என்று சொல்வதனால் நமக்குப் பெருமை மிகுகின்றது. அவர்க்கு மிகுகின்றதா என்று கேட்டால் எம்மால் விடை கூற இயலாது. தம் ஒப்பத்திலே குடிப்பெயரையும் விட்டவர்க்குக் குலவிளக்கு என்னும் பட்டத்தை நாமாகவே சூட்டியிருக்கின்றோம். அவர் வேண்டாவென்று கடிதம் எழுதுவதற்கு இன்று இரத்தின முதலியார் போன்ற முகவரியாளர் எவரும் இல்லை.

ஆதலின் பிற்பகல் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவருகின்றோம். இவ்வாண்டு பட்டம் எதுவும் வழங்க வேண்டா. பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கிய தொகையைக் கல்லூரிக் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகட்குத் தருக. அவர் எம்மரபினர் என்று வினவாமலே தருக. நம் திங்களிதழிலே ஒவ்வொரு திங்களும் ஒரு பக்கம் ஒதுக்கி, இன்ன ஊரிலே இன்னார் இன்ன பணி செய்கின்றார் என்று அடங்கல் எழுதுவதுபோல், சென்று பார்த்து எழுதுக. அடைமொழி வேண்டா, முகத்துதி வேண்டா, செய்த பணியும் ஆண்டும் போதும். பொருளுதவிய பதினொருவருள்ளும் அத்தகைய பணியுடையார் இருப்பின் அவரையும் எழுதுக. மக்கள் அவரை ஒரு பெயரால் அழைக்கத் தொடங்கியிருந்தால் அப்பெயரையும் குறிக்கலாம்; நாமாக ஒன்றைப் படைத்தல் ஆகாது.

முதற்பக்கத்துக்கு ஒருவரை யாமே கண்டு வந்துள்ளோம். சிதம்பரத்துக்கு வடக்கே ஒரு சிற்றூரிலே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் பிள்ளைகட்குக் கணக்குக் கற்பிக்கின்றார், பொருள் பெறுவதில்லை. நம் மரபினர் அல்லர். ஊரார் அவரைக் கணக்கக்கா என்கின்றனர். கிழவரும் அவ்வாறே அழைக்கின்றனர். இயற்பெயரை வினவி அறிய எமக்குச் சிறிது நேரம் ஆயிற்று. திங்களிதழில் அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டோம். 'எழுதுங்கள் ஐயா, பெயரைப் போடாவிட்டாலும் தாழ்வில்லை. மழை வந்தால் திண்ணை நனைந்துவிடுகிறது. உங்கள் சங்கத்தில் தார்ப்பாய் ஒன்றும், பழைய பெஞ்சு இரண்டும் இருந்தால் கொடுத்தனுப்புங்கள்' என்றார். பின்கட்டிலே பெஞ்சுகள் கிடக்கின்றன. காலையில் எண்ணிப் பார்த்தோம், நான்கு உள்ளன. தார்ப்பாய்தான் வாங்க வேண்டும்.